கீபோர்டு சத்தத்தைச் சீக்கிரமாய்ச் சீர்ப்படுத்துவது எப்படி?

(ஆராதனைக் குழுவுக்கு ஒரு பாடம்)



இந்த மாதப் பாடம் கீபோர்டு வாசிக்கிற வாலிபருக்கு மட்டுமல்ல, கூடப் பாடுகிற நம் எல்லாருக்கும்தான். "பாஸ்டர், கீபோர்டுக்கும் வேதபாடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 14-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பவுல் குழலையும் சுரமண்டலத்தையும் அங்கே சும்மா சொல்லவில்லை. உயிரில்லாத வாத்தியமானாலும் கேட்கிறவனுக்கு விளங்கவேண்டும். அதுதான் நமக்குப் பாடம்.

முதலாவது, என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை. அன்று நான்தான் கீபோர்டு. ஸ்டிரிங்ஸ் சத்தம் போட்டிருந்தேன். பாட்டோ வேகமான பாட்டு. ஒரு கார்டு ஓயுமுன்னே அடுத்த கார்டு அதன்மேல் ஏறி, ஒரே குழப்பம். பாட்டுக்கு நடுவிலேயே மெனுவைத் திறந்து தேட ஆரம்பித்தேன். என் கை தடுமாறியது, பாட்டும் நின்றது. அவசரத்தில் 'ரைட்' பட்டனை அழுத்தி, திரை கேட்ட கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துவிட்டேன். நம்ம சபைப் பாட்டுகளுக்கென்றே ஒரு தம்பி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்துவைத்த சத்தம், அந்த ஒரு நிமிஷத்தில் அழிந்தது.

அவன் அப்போது வெளிநாட்டில் வேலையாயிருந்தான். போன் பண்ணிச் சொன்னேன். "பரவாயில்ல பாஸ்டர். அந்த நம்பரெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்றான். நான் எழுதி வைக்கவில்லை. அந்தச் சத்தம் இன்றுவரை திரும்ப வரவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? 1970-ல் வந்த மினிமூக் கீபோர்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு உண்டு. கை வைத்தால் சத்தம் மாறும். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ் 7-ல் அப்படியல்ல. மாற்றவேண்டியதை முதலில் பட்டனால் தெரிந்தெடுக்கவேண்டும். பிறகு ஒரே ஸ்லைடராலோ கூட்டு-கழி பட்டனாலோ அளவை மாற்றவேண்டும். ஒரு சத்தத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள்! அதனால் அநேகர் கம்பெனி கொடுத்த சத்தத்தையே வாசித்து வந்தார்கள். இன்றும் பல கீபோர்டுகளில் நிறைய அளவுகள் மெனுவுக்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் தொடவேண்டியதில்லை. நான்கு தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

1. ரிலீஸ்: விரலை எடுத்தபின் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. வேகமான பாட்டில் இதைக் குறையுங்கள். ஜெபநேரத்தில் மெதுவாக வாசிக்கும்போது கூட்டலாம். அன்று நான் இதை ஒன்றை மட்டும் குறைத்திருந்தால் போதும்.

2. அட்டாக்: விரல் வைத்ததும் சத்தம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்பது. அதிகமாக வைத்தால் சத்தம் மெல்ல எழும்பும். வேகமான பாட்டில் தாளத்துக்குப் பிந்தி வருகிறதுபோல் கேட்கும். குறைத்தால் உடனே பிடிக்கும்.

3. கட்ஆஃப்: பொதுவாக இந்த எல்லைக்கு மேலே உள்ள கூர்மையான ஒலிகளை இது குறைக்கிறது. இறக்கினால் சத்தம் மிருதுவாகும், ஏற்றினால் பளிச்சென்று வரும். "தம்பி, பாட்டு வார்த்தையே காதுல விழலப்பா" என்று வயதான தாயார் ஒருவர் சொன்னால், வால்யூமுக்கு அடுத்தபடி பார்க்கவேண்டியது இதைத்தான்.

4. ரெசனன்ஸ்: கட்ஆஃப் எல்லையை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டும். மிஞ்சினால் விசிலடிக்கிறதுபோல் குத்தும். ஆராதனைக்குக் கொஞ்சம் போதும்.

தகர ஷீட்டுக் கூரையுள்ள சபைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே கட்டிடமே எதிரொலிக்கும். ரிவெர்ப்பையும் சேர்த்துக் குறையுங்கள்.

திருகுகள் உள்ள தனி மிடி கன்ட்ரோலர் வைத்திருக்கிறவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெசனன்ஸ் 71, ரிலீஸ் 72, அட்டாக் 73, கட்ஆஃப் 74. இந்த எண்களை ஏற்கிற கீபோர்டானால், மெனுவைத் திறக்காமலே திருகலாம். அளவு 0 முதல் 127 வரை. பல கீபோர்டுகளில் 64 நடுநிலை. அதாவது அந்தச் சத்தம் முன்பு இருந்தபடியே இருக்கும்.

இனி செய்யவேண்டிய முறை:

அ) ஆராதனைக்கு முன்னமே செய்யுங்கள். பாட்டுக்கு நடுவில் மெனுவைத் தொடாதிருங்கள்.

ஆ) ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று தெரியாது.

இ) வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மேடையில் கேட்கிறது வேறு, சபைக்குக் கேட்கிறது வேறு.

ஈ) 'கம்பேர்' பட்டன் இருந்தால் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சில சமயம் பழையதே நல்லது!

உ) மாற்றின சத்தம் தற்காலிக நினைவில்தான் இருக்கிறது. வேறு சத்தத்துக்குப் போனால், அல்லது கரண்டு போனால், அநேகமாய்ப் போய்விடும். அதனால் சேமிக்கவேண்டும். ஆனால் பழைய சத்தத்தின்மேல் அல்ல, காலியான யூசர் எண்ணில். 'யெஸ்' கொடுக்குமுன் திரையில் இருக்கிற எண்ணை வாய்விட்டு வாசியுங்கள்.

ஊ) அந்த நான்கு அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு கீபோர்டு பெட்டியிலேயே இருக்கட்டும். நாளை வேறொரு தம்பி வந்து வாசிப்பான்.

பிரியமானவர்களே, நமக்கு முன் ஒருவர் கஷ்டப்பட்டுச் செய்துவைத்ததை அழிக்க ஒரு விரல் போதும். அதைக் காப்பாற்ற ஒரு பென்சில் போதும். நான் பென்சில் எடுக்கத் தவறினேன். நீங்கள் தவறாதிருங்கள்.

வீட்டுக்கூட்டத்தில் பேச:

1. நம் சபையில் கடைசி வரிசையில் இருக்கிறவர்களுக்குப் பாட்டின் வார்த்தை விளங்குகிறதா? இந்த வாரம் அவர்களிடமே கேளுங்கள்.

2. மற்றொருவர் செய்துவைத்த வேலையை அவசரத்தில் நாம் கெடுத்தது உண்டா? அவரிடம் போய்ச் சொன்னோமா?