படத்தைப் படிப்போம்

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். படத்தையும் படிக்கக் கற்க வேண்டுமா? பார்த்தாலே புரியாதா? வாருங்கள், பார்ப்போம்.

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். தூரத்தில் இரண்டு தண்டவாளங்களும் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும். உண்மையில் அவை சேர்வதில்லை. சேர்ந்தால் ரயில் ஓடுமா?

நம் ஊர் சயனைடு மேடு பக்கத்தில் போனால் மலை போல இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டை விரலால் அதை மறைத்துவிடலாம். மேடு சிறுத்துவிட்டது என்று நாம் நினைப்பதில்லை. அது தூரத்தில் இருக்கிறது என்று மனம் சொல்கிறது.

ஓவியரும் இப்படித்தான் வரைகிறார். காகிதம் தட்டையானது. அதில் தூரம் கிடையாது. அதனால் பக்கத்தில் உள்ளதைப் பெரிதாகவும், தூரத்தில் உள்ளதைச் சிறிதாகவும் வரைகிறார். இந்த முறை பழகினால்தான் புரியும்.

தென் ஆப்பிரிக்காவிலும் தங்கச் சுரங்கங்கள் உண்டு. நம் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அந்த நாட்டில் ஹட்சன் என்ற ஆய்வாளர் சுரங்கத் தொழிலாளர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஒரு படத்தைக் காட்டினார். அந்த ஆய்வு 1960-இல் வெளிவந்தது. படத்தில் ஒரு வேடன் ஈட்டியோடு நிற்கிறான். எதிரே ஒரு மான். இருவருக்கும் நடுவே, தூரத்துக் குன்றின் மேல், சின்னதாக ஒரு யானை.

"வேடனுக்குப் பக்கத்தில் இருப்பது எது?" என்று கேட்டார். பலர் "யானை" என்றார்கள். காகிதத்தில் யானைதான் பக்கத்தில் இருந்தது! அவர்களுக்கு அறிவு குறைவு இல்லை. அப்படிப்பட்ட படம் அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அவ்வளவுதான்.

கும்பகோணத்துக்கு அருகே தாராசுரம் கோயில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னர் இரண்டாம் இராசராசன் கட்டியது. அங்கே ஒரு சிற்பத்தில் காளையும் யானையும் இருக்கின்றன. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை தெரியும். கல் மாறவில்லை. நாம் பார்ப்பது மாறுகிறது.

இதனால் நமக்கு என்ன பயன்? உயிரையே காக்கலாம். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவ உணவு. பூச்சி மருந்து டப்பாவிலும் பச்சை முக்கோணம் இருக்கலாம். அது சாப்பிடும் பொருளா? இல்லை, அதுவும் நஞ்சுதான்!

பூச்சி மருந்தில் சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய நஞ்சைக் காட்டும். அடுத்து மஞ்சள். அடுத்து நீலம். கடைசியில் பச்சை. மண்டை ஓட்டுப் படம் சிவப்போடு மட்டும்தான் வரும். மண்டை ஓடு இல்லை என்று ஏமாறக் கூடாது. எந்த நிறம் ஆனாலும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நிறம் ஒன்றுதான். இடம் மாறினால் பொருள் மாறும். படத்தைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள எழுத்தையும் படியுங்கள்.

பயிற்சி

1. தூரத்தில் உள்ள பொருளை ஓவியர் எப்படி வரைகிறார்?
2. பலர் "யானை" என்று சொன்னது ஏன்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு டப்பாவை எடுங்கள். அதில் உள்ள படம் என்ன சொல்கிறது? எழுத்து என்ன சொல்கிறது? எழுதுங்கள்.