எந்த வெள்ளிமலை?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீது ஏறினால் வெள்ளிமலை என்னும் ஊரை அடையலாம். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் அது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெள்ளிமலை என்றோர் ஊர் உண்டு. பெயர் ஒன்று, ஊர்கள் இரண்டு! இதைக் கொண்டு, கணினி நிரல் எழுதுவோரின் சிக்கல் ஒன்றைப் புரிந்துகொள்வோம்.

தமிழ்நாட்டு ஊர்களை ஓர் அட்டவணையாகக் கணினியில் சேமித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஓர் ஊர். பெயர், வட்டம், மாவட்டம் என்பன பத்திகள். இவ்வாறு அட்டவணைகளாகத் தகவலை அமைக்கும் முறையை எட்கர் காட் என்பவர் 1970-ல் வகுத்தார். அட்டவணையிடம் கேள்வி கேட்க எஸ்.கியூ.எல். என்ற மொழி பயன்படுகிறது. பைத்தான், ரூபி போன்ற மொழிகளில் எழுதுவோருக்கோ ஒவ்வொரு ஊரும் ஒரு 'ஆப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள். இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் நிரல் தொகுப்பே ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பிங், சுருக்கமாக ஓ.ஆர்.எம். ரூபி மொழிக்கு 2004-ல் வெளிவந்த ரெயில்ஸ், பைத்தானுக்கு 2005-ல் வெளிவந்த ஜாங்கோ ஆகியவற்றில் இது அடங்கியுள்ளது. நாம் அதற்கு இடும் கட்டளை 'மெத்தட்' எனப்படும்.

இப்பொழுது, மலையில் வாழும் மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். நிரல் அவளது ஊரான வெள்ளிமலையை அட்டவணையில் தேடுகிறது. என்னென்ன நடக்கலாம்?

ஒரே ஊர் கிடைக்கலாம், நல்லது. இரண்டு கிடைக்கலாம். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அது எப்படி என்கிறீர்களா? 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அட்டவணையைத் திருத்திவிட்டு நிரலைத் திருத்த மறந்தால், 'விழுப்புரம் மாவட்டத்து வெள்ளிமலை' என்று தேடும், விடை சுழியம்தான்.

இந்த மூன்று நிலைகளிலும் கட்டளை என்ன செய்யும் என்பதை அதன் பெயரே சொல்ல வேண்டும். ஜாங்கோவில் இதைக் காணலாம். 'ஃபில்டர்' என்றால் சலித்தெடு. பொருந்தும் ஊர்கள் அனைத்தும் தொகுப்பாக வரும், தொகுப்பு வெறுமையாகவும் இருக்கலாம். 'கெட்' என்றால் சரியாக ஒன்றைக் கொடு. ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். 'ஃபர்ஸ்ட்' என்றால் முதலாவதைக் கொடு. பல இருந்தாலும் முணுமுணுக்காமல் ஒன்றை நீட்டிவிடும்.

ரெயில்ஸின் 'ஃபைண்ட் பை' என்ற கட்டளையும் பொருந்துவனவற்றுள் ஒன்றைத்தான் தரும். ஆனால் 'தேடு' என்ற பெயரில் அந்த எச்சரிக்கை இல்லை. மலை மாணவியின் விண்ணப்பம் கன்னியாகுமரிக் கணக்கில் சேர்ந்துவிட்டால், பிழைச் செய்தி ஏதும் வராது. அவளுக்குப் பணமும் வராது! 2021-ல் வந்த ரெயில்ஸின் 7-ஆம் பதிப்பில் 'ஃபைண்ட் சோல் பை' என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. 'சோல்' என்றால் ஒன்றே ஒன்று. அப்படி இல்லையெனில் அது பிழையை அறிவிக்கும்.

ஆகவே, பெயர் சூட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. வருவது ஒன்றா, பலவா?
2. ஒன்றும் இல்லையெனில் அமைதியா, பிழையா?
3. எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தால்?

பிழைச் செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டாம். சத்தமிட்டு நிற்கும் நிரலை அன்றே திருத்திவிடலாம். அமைதியாகத் தவறு செய்யும் நிரலை யார் கண்டுபிடிப்பது?

செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரே பெயருடையவர்கள் இருக்கிறார்களா? அவர்களுள் ஒருவரைத் தவறின்றி எடுத்துத் தரும் கட்டளைக்குத் தமிழில் ஒரு பெயர் வையுங்கள். அதை நண்பரிடம் காட்டி, அது என்ன செய்யும் என்று கேளுங்கள். விளக்கமின்றி அவர் சரியாகச் சொல்லிவிட்டால், உங்கள் பெயர் வெற்றி பெற்றது!