உடலறிவும் ஊர்ச் சொல்லும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன், வல்லத்திராக்கோட்டை

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது பாடநூல் அன்று. என் அப்பாயி கேட்ட ஒரு கேள்வி.

சென்ற ஆண்டு கடலை எடுப்பு முடிந்த சமயத்தில் அப்பாயிக்குக் கால்கள் இரண்டும் வீங்கின. புதுக்கோட்டைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்தோம். சீட்டைப் பார்த்தவர் ஒரு வரியின் கீழே கோடிட்டு, "உப்புக் கூடியிருக்கு" என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அவரை நொந்து பயனில்லை. அன்று முதல் அப்பாயி உப்பைத் தொடவில்லை. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத குழம்பு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்தபோது அந்த எண் முன்னிலும் ஏறியிருந்தது.

"உப்பைக் கண்ணால பாத்து மூணு மாசமாச்சு. அப்புறம் எங்கேருந்துடா அது கூடுது? நீதான் காலேசுல உடம்பப் பத்திப் படிக்கிறியே, சொல்லேன்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்த வாரந்தான் உடலியங்கியல் தேர்வில் சிறுநீரகத்தைப் பற்றி எழுதி 20க்கு 17 வாங்கியிருந்தேன். நெஃப்ரானைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தேன். ஆனால் அப்பாயிக்குச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. எழுதியது அத்தனையும் ஆங்கிலச் சொற்கள். அவற்றை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சியது படம் மட்டுமே.

கோடிட்ட வரியில் இருந்த சொல் 'கிரியேட்டினின்'. அது நாம் உலையில் போடும் உப்பே அன்று. நம் தசைகளில் கிரியேட்டின் என்றொரு பொருள் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியைக் கைவசம் வைத்திருக்க உதவுவது. அதில் ஒரு சிறு பகுதி நாள்தோறும் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. உடலுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. இரத்தத்தோடு சிறுநீரகத்துக்கு வந்து, அங்கிருந்து வெளியேறிவிடும். நாம் உப்புப் போட்டுச் சாப்பிட்டாலும் போடாமல் சாப்பிட்டாலும் தசை உள்ளவரை அது உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். கண்மாயில் நீர்மட்டம் ஏறுவதற்கு மழை மட்டுமா காரணம்? கலிங்கு அடைத்துக்கொண்டாலும் ஏறும். அப்பாயியின் இரத்தத்தில் ஏறியது அவ்வகை. வரத்து கூடவில்லை, போக்கு குறைந்திருந்தது.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ அரை சதவீதந்தான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவற்றுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நூல்பந்து போலச் சுருண்டிருக்கின்றன. அப்பந்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தையும், அதிலிருந்து புறப்படும் குழலையும் இணைத்துக் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பௌமன் (1842). பந்துக்குள் இரத்தம் அழுத்தத்தோடு வருவதால் நீரும், நீரில் கரைந்தவையும் வடிந்து கிண்ணத்தில் விழுகின்றன. அணுக்களும் புரதங்களும் இரத்தத்திலேயே நின்றுவிடுகின்றன. இவ்வாறு வடிவது நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர்! நம் உடலில் இருக்கும் இரத்த நீரோ மூன்று லிட்டர் அளவுதான். அப்படியானால் அதே நீர் ஒரே நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது என்று பொருள். வடிந்ததில் பெரும்பகுதியைக் குழல்கள் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிட, ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. பாடம் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. மீண்டும் ஒரு முறை போட்டார்.

பந்துக்குள் இரத்தம் நுழைய ஒரு குழாயும், வெளியேற ஒரு குழாயும் உண்டு. உள்ளே அழுத்தம் நிலையாக இருக்கவேண்டுமானால் நுழையும் குழாய் போதிய அளவு விரிந்திருக்க வேண்டும். வெயிலில் வேர்த்து, நீர் குடிக்காமல், உடலில் நீர் வற்றும் வேளையில் அதை விரிந்த நிலையில் வைத்திருக்க உதவுபவை புராஸ்டாகிளாண்டின்கள். நம் ஊரில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இந்தப் புராஸ்டாகிளாண்டின்கள் உண்டாவதைத்தான் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். நுழையும் குழாய் சுருங்கி, வடிவது குறைவதும் அதனால்தான். அப்பாயி அம்மூன்று மாதமும் உப்பைத்தான் விட்டிருந்தார். முழங்கால் வலி மாத்திரையை விடவில்லை. யாரும் அவரிடம் விடச் சொல்லவுமில்லை. கோளாறு முழுவதும் மாத்திரையால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு ஏற்கனவே இரத்த அழுத்தம் உண்டு. சிறுநீரகம் பழுதுபடுவதற்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமுமே பெரும்பாலும் காரணம் என்று நூல்கள் கூறுகின்றன. உப்பைக் குறைத்ததும் தவறன்று. வீக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் அது நல்லதே. ஆனால் 'உப்பு' என்ற அந்த ஒரு சொல் அவருடைய கவனம் முழுவதையும் உப்புச் சாடியின் பக்கம் திருப்பிவிட்டது. இன்னொன்று: வடிகட்டும் திறனில் பாதியளவு போகும் வரையில்கூடக் கிரியேட்டினின் பெரிதாக ஏறிக் காட்டாமல் இருக்கலாம். ஆகவே எண் ஏறியபிறகு மூன்று மாதம் என்பது சிறிய காலமன்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் எடுத்த முடிவுக்குப்பின் எங்கள் ஆய்வகத்தில் தவளை முதலியவற்றை அறுப்பதில்லை. அதற்கு ஈடாகப் பேராசிரியர் ஒரு நாள் கறிக்கடையிலிருந்து ஆட்டுச் சிறுநீரகம் வாங்கிவரச் சொன்னார். கடைக்காரரிடம் 'சிறுநீரகம்' என்று கேட்டேன். விழித்தார். "குண்டிக்காய்னு கேளு தம்பி" என்றார். நீளவாக்கில் பிளந்தபோது வெளிப்புறம் செம்பழுப்பாகவும், உள்ளே வரிவரியாகவும் இருந்தது. மனிதச் சிறுநீரகத்தில் இந்த வரிப்பகுதி எட்டு முதல் பதினெட்டு வரையான கூம்புகளாகப் பிரிந்திருக்கும். ஆட்டில் எல்லாம் கூடி ஒரே மேடாக இருக்கிறது. அந்தக் கடைக்காரர் ஈரல், நுரையீரல், சுவரொட்டி, குடல் என்று ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைப்பார். சுவரொட்டி என்பது மண்ணீரல் என்று எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளுறுப்புகளை அவர் அளவுக்கு நான் தொட்டு அறிந்ததில்லை.

பேர்களைப் பற்றி நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. இலத்தீன் பேர் என்றால் அதில் ஏதோ பெரிய தத்துவம் அடங்கியிருப்பதாக நினைக்கிறோம். முழங்கால் முன்னெலும்பின் பேர் 'பட்டெல்லா'. பொருள், சிறு தட்டு. நம்மவர் அதைச் சிரட்டை என்கிறார்கள். தோளருகே உள்ள 'கிளாவிக்கிள்' என்றால் சிறு சாவி. நமக்கு அது, காறை என்னும் கழுத்தணி படியும் இடத்திலுள்ள காறையெலும்பு. முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசையைக் கிரேக்கர் காலின் வயிறு என்றார்கள். கெண்டைமீனைப் பார்த்தவர்கள் கெண்டைக்கால் என்றார்கள். எல்லாரும் கண்ணெதிரே கண்ட பொருளைத்தான் உடலில் ஏற்றியிருக்கிறார்கள்.

என் தடுமாற்றத்தைப் பேராசிரியரிடம் சொன்னபோது, அவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவரைப் பற்றிப் படிக்கச் சொன்னார். கிரீன் 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் ஆங்கிலத்தின் உதவியால் அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளிகளுக்கு ஆள் மிஞ்சவில்லை. 1860களில் அவர் போதனையைத் தமிழுக்கு மாற்றினார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவரே செய்தார். மகப்பேறு, அறுவை, மருந்து, இரசாயனம் என எல்லாமாகச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவற்றுள் 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' உடற்கூற்றுக்கு உரியது. ஹென்றி கிரே எழுதி 1858இல் லண்டனில் வெளியான புகழ்பெற்ற நூலே அதற்கு மூலம். அம்மூல நூலுக்குப் படங்கள் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் பின்னர் பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார் என்பதும் அறியத்தக்கது. உடலியங்கியலுக்குக் கிரீன் 'சுகரணம்' என்று பேர் வைத்தார். கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவது என்ற முறையை அவர் வகுத்துக்கொண்டார். 1873இல் அவர் ஊர் திரும்பியபின் அத்தமிழ்வழிப் போதனை நெடுநாள் நீடிக்கவில்லை.

அங்காதிபாதம், சுகரணம் என்ற சொற்கள் இன்று வழக்கில் இல்லை. மானிப்பாய்க் கிழவி ஒருத்திக்கு அன்றும் அவை விளங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. நூலில் எழுதும் சொல் வேறு, நோயாளியிடம் சொல்லும் சொல் வேறு. ஆனால் தமிழில் படித்த மாணவனுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கிவர வழி இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடங்களுக்காக வெளியிட்ட தமிழ் நூல்கள் சில எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. தூசி தட்டி எடுத்தேன். எனக்குப் பாடம் புரிந்தது அவற்றை ஆங்கில நூலின் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான். தேர்வில் என்னவோ ஆங்கிலத்திலேயே எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில் அப்பாயியை உட்காரவைத்து, "ஆட்டுக்கு இருக்குற மாதிரி நமக்கும் ரெண்டு குண்டிக்காய் இருக்கு அப்பாயி" என்று ஆரம்பித்தேன். "அது தெரியாதாக்கும்" என்றார். கண்மாயையும் கலிங்கையும் சொன்னேன். சீட்டில் உள்ளது சோற்றுப்பு அன்று, கால்கையில் உள்ள சதை தேய்ந்து வரும் கழிவு என்றேன். கடை மாத்திரை அந்த மடைவாயைச் சுருக்குகிறது என்றதும், இடுப்பு முடிச்சிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் இரண்டு மாத்திரைகள் மீதமிருந்தன. மறுநாள் அட்டையோடு மருத்துவரிடம் போனோம். அவர் அதை நிறுத்தச் சொல்லி, வலிக்கு வேறு மருந்து எழுதி, கஞ்சியில் சிறிதளவு உப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அடுத்த பரிசோதனை தை மாதம். அந்தச் சீட்டை நான்தான் படித்துச் சொல்லவேண்டும் என்பது அப்பாயியின் உத்தரவு.