கொழு தேய்மானத்தைக் குறைக்கக் கடினப் பூச்சு

டிராக்டர் கலப்பையின் கொழு மழுங்கிவிட்டால் உழவு ஆழமாக இறங்காது. நேரமும் டீசலும் கூடுதலாகச் செலவாகும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழும் சிறு விவசாயியின் தலையில்தான் இந்த நஷ்டம் விழும். ஆகவே கொழுவைப் பற்றி அவரும் தெரிந்துகொள்வது நலம்.

தேய்வது ஏன்?

மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது. விக்கர்ஸ் என்னும் கடின அளவில் அது சுமார் 1,000. பதம் ஏற்றிய கொழு எஃகோ 400 முதல் 500 வரைதான். எனவே மணற்பாங்கான நிலத்தில் கொழு விரைவில் தேய்கிறது. களிமண்ணில் தேய்மானம் குறைவு.

பூச்சு எப்படி உதவுகிறது?

டங்ஸ்டன் கார்பைடின் கடினம் 2,000-க்கும் மேல். இத்துகள்களை அடைத்த குழாய் ராடினால் கொழுவின் மேல் வெல்டிங் செய்யலாம். பட்டறைகளில் இதை ஹார்டு ஃபேசிங் என்பார்கள். இரும்பு உருகிப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் பெரும்பாலும் உருகாமல் அதில் பதிந்து நிற்கும். சிமெண்டுத் தளத்தில் ஜல்லி நிற்பது போலத்தான். சிமெண்டு தேய்ந்தாலும் ஜல்லி தாங்கும். ஆனால் ஜல்லி மிகப் பொடியாக இருந்தால் சிமெண்டோடு பெயர்ந்துவிடும். ஆகவே பருமணல் நிலத்திற்கு மிகப் பொடியான துகள் ஏற்றதல்ல.

எங்கே வேண்டாம்?

கடினமான பொருள் அடி தாங்காது. கல்லும் வேர்க்கட்டையும் நிறைந்த நிலத்தில் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். அங்கே நல்ல எஃகுக் கொழுவே போதும்.

கவனிக்க வேண்டியவை

1. புதுக் கொழுவிலேயே பூச வேண்டும். தேய்ந்து மெலிந்த பின் பூசுவது வீண்.

2. முனையிலும் ஓரத்திலும் ஒரு பக்கம் மட்டும் பூச வேண்டும். மறுபக்கம் முதலில் தேய்வதால் கூர்மை நிலைக்கும்.

3. சூடு மிஞ்சினால் துகள்கள் இரும்பில் கரைந்துவிடும். ராடுக்குச் சொல்லப்பட்ட மின்னோட்ட அளவைத் தாண்டக் கூடாது.

4. சூடான கொழுவைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. தானாக ஆறட்டும்.

சோதித்த பின் செலவு செய்க

ஒன்பது கொழுக் கலப்பையில் இடது பக்கம் உள்ள நான்கிற்கு மட்டும் பூசி, மற்றவற்றை அப்படியே விடுங்கள். மாட்டும் முன் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஏக்கர் உழுத பின் கழுவித் துடைத்து மீண்டும் பாருங்கள். சக்கரத் தடத்தில் வரும் கொழு அதிகம் தேயும். ஆகவே இடப்பக்கக் கொழுவை அதற்கு நேரான வலப்பக்கக் கொழுவோடுதான் ஒப்பிட வேண்டும். நீடிக்கும் உழைப்பு பூச்சுக் கூலியை ஈடு செய்தால் மட்டுமே மற்றவற்றிற்கும் பூசலாம்.

வாடகைக்கு உழுபவர்கள், டிராக்டர் வயலில் இறங்கும் முன்பே கொழுவைப் பாருங்கள். இரு முனைக் கொழு மழுங்கியிருந்தால், திருப்பி மாட்டித் தரும்படி உரிமையோடு கேளுங்கள். அதற்குச் செலவே இல்லை.