எந்தக் கடையில் கேம் வாங்குவது?

கம்ப்யூட்டரில் விளையாட ஒரு கேம் வாங்கப்போகிறேன், எங்கே வாங்கலாம் என்று நண்பர்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஸ்டீம்காரர் மற்ற கடைகளைக் கடையாகவே மதிக்கமாட்டார். எபிக்கில் வாராவாரம் இலவசமாக வாங்கிக் குவிப்பவர், காசு கொடுப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். ஜிஓஜி அன்பர் உரிமை, உடைமை என்று தொடங்கிவிடுவார். கேம் பாஸ் கட்டுகிறவர், "வாங்குறதே எதுக்கு?" என்பார். நாலு பேர் சொல்வதும் அவரவர் விளையாடும் விதத்துக்குச் சரி. உங்களுக்கு எது சரி என்பது, அந்தக் கேமை நீங்கள் யாரோடு, எத்தனை காலம் வைத்து விளையாடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

விலையை வைத்து முடிவுசெய்யத்தான் பலருக்கும் தோன்றும். புதிதாக வந்த கேம் எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். விலை வைப்பது வெளியிடும் நிறுவனம். கடைக்கு அதில் ஒரு பங்கு. ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, எபிக் 12. அந்த வித்தியாசம் வாங்குகிறவர் பைக்கு வந்து சேர்வது அபூர்வம். பெரிய கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் என்று வந்து இறங்குகிறது. ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் பாதி விலைக்குக் கீழே போய்விடுகிறது. காத்திருக்க முடிகிறவர் எந்தக் கடையில் வாங்கினாலும் மலிவாகத்தான் வாங்குவார். விதிவிலக்கும் உண்டு. ஃபாக்டோரியோ என்ற கேம் ஒருநாளும் தள்ளுபடிக்கு வராது என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அதன் விலை 30 டாலரிலிருந்து 35 டாலராக ஏறவே செய்தது.

நண்பர்களோடு விளையாடுகிறவருக்கு அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நண்பர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே வாங்குங்கள். பெரும்பாலும் அது ஸ்டீமாகத்தான் இருக்கும். வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் அதைத் தொடங்கியபோது வாங்கியவர்கள் திட்டினார்கள். அடுத்த ஆண்டு ஹாஃப்-லைஃப் 2 விளையாட ஸ்டீம் கட்டாயம் என்றதும் இன்னும் அதிகமாகத் திட்டினார்கள். இன்று அதே ஆட்கள் வேறு கடையில் இலவசமாகக் கொடுத்தாலும் "ஸ்டீம்ல இருந்தா நல்லாருக்கும்" என்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2015 முதல் ரூபாயில் விலை இருக்கிறது. யூபிஐயில் பணம் கட்டலாம். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு கேமும் எந்தத் தேதியில் என்ன விலைக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டு, 50 சதவீதத் தள்ளுபடி உண்மையிலேயே தள்ளுபடிதானா என்று முடிவுசெய்யலாம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய ஆஃபர்கள் வரும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் முழு விலை கொடுத்து வாங்குவதற்குத் தைரியம் வேண்டும்.

பணம் திரும்பப் பெறும் விதிதான் ஸ்டீமில் எனக்கு மிகவும் பிடித்தது. 2015 ஜூனில் வந்தது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பிடிக்கவில்லை என்று சொன்னாலே போதும். உங்கள் லாப்டாப்பில் கேம் ஓடுமா என்று சந்தேகம் இருந்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த 2 மணி நேரம் கேம் திறந்திருக்கும் நேரம். செட்டிங்ஸில் துழாவியது, சாப்பிடப் போனபோது திறந்தே வைத்தது எல்லாம் கணக்கில் சேரும். யூபிசாஃப்ட், இஏ போன்ற நிறுவனங்களின் கேம்கள் ஸ்டீமில் வாங்கினாலும் தங்கள் சொந்த லாஞ்சரைத் திறந்து இன்னொரு முறை லாகின் கேட்கும். அந்த நேரமும் போகும்.

இந்த விதிக்கு இன்னொரு முகம் உண்டு. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா'வை விளையாடியிருக்கிறீர்களா? டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024-ல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. இட்லி தட்டில் ஆரம்பித்து முழுக் கதையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது ரசித்து முடித்துவிட்டு, பணத்தையும் திரும்பக் கேட்க விதி இடம் கொடுக்கிறது. விதி கொடுக்கிறது என்பதற்காகச் செய்துவிடாதீர்கள்.

வீட்டில் இரண்டு மூன்று பேர் விளையாடுகிறார்கள் என்றால் ஸ்டீம் ஃபேமிலிஸ் பயன்படும். 2024-ல் வந்த இந்த வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். அண்ணன் ஒரு கேம் விளையாடும்போது அவர் வாங்கிய இன்னொன்றைத் தங்கை விளையாடலாம். ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில் விளையாட வேண்டுமானால் இரண்டு பிரதி வேண்டும். பிள்ளைகளின் கணக்குக்கு நேர வரம்பு போடலாம், அவர்கள் கேட்கும் கேமை அப்பாவோ அம்மாவோ பார்த்து அனுமதித்துப் பணம் கட்டலாம். ஹாஸ்டல் நண்பரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அவர் உங்கள் பிரதியில் ஏமாற்று வேலை செய்து மாட்டினால் அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். ஒருவர் வெளியேறினால் அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்க்க ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டும்.

தனியாக, கதைக்காக, மறுபடி மறுபடி விளையாடுகிறவருக்கு நான் ஸ்டீமைச் சொல்லமாட்டேன். அவர் முதலில் பார்க்க வேண்டியது ஜிஓஜி. போலந்தின் சிடி ப்ராஜெக்ட், விட்சர் கேம்களைச் செய்த அதே நிறுவனம், 2008-ல் பழைய கேம்களை விற்கத் தொடங்கிய கடை இது. இங்கே வாங்கும் கேமில் பூட்டு கிடையாது. இன்ஸ்டாலர் ஃபைலை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமல், லாகின் இல்லாமல், அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். 30 நாளுக்குள், விளையாடியிருந்தாலும், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பூட்டில்லாத கேம்கள் ஸ்டீமிலும் இருக்கின்றன. ஆனால் கடைப்பக்கத்தைப் பார்த்து எது அப்படி என்று கண்டுபிடிக்க முடியாது.

இதெல்லாம் கொள்கைப் பிடிப்புள்ளவர்களின் கவலை என்று நினைப்பவர்கள், யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ'வுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். 2014-ல் வந்த கார் ரேஸ் கேம். தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஓட வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள், பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். அதன் பிறகுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்கிறது. இப்போது ஸ்டீமில் பணம் கட்டும் இடத்திலேயே, நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று எழுதியிருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது வேறு வழியில் அறிமுகமான விஷயம்தான்: 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் அரசுத் தடையால் போனபோது, அவற்றில் காசு போட்டு வாங்கிய உடைகளும் துப்பாக்கிகளும் வாங்கியவர் கையில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில்தான் இருந்தன.

ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும், தனியாள் கேமுக்கு நிரந்தர இணைய இணைப்பு தேவை என்று போட்டிருந்தால் அதை வாடகைக் கேமாகக் கருதி, வாடகைக்குத் தகுந்த விலை மட்டும் கொடுங்கள்.

ஜிஓஜியின் குறைகளும் சின்னவை அல்ல. எல்லாக் கேமும் அங்கே வராது. பூட்டில்லாமல் விற்கப் பல நிறுவனங்கள் இன்னும் பயப்படுகின்றன. வருபவையும் சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் வரும். ஃபைல்களைச் சேமிக்கிற வேலை உங்கள் தலையில். பால்டர்ஸ் கேட் 3 ஸ்டீம், ஜிஓஜி இரண்டிலும் கிடைக்கிறது, ஆனால் அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த இன்ஸ்டாலரை மறுபடி இறக்கினால் அதற்கே வெகு நேரம் போகும். பழைய கேமுக்குத்தான் இந்தக் கடை வெகு பொருத்தம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' போன்ற, பிரவுசிங் சென்டர் காலத்தில் பாதியில் விட்ட கேம்கள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், இன்றைய விண்டோஸில் ஓடும்படி அவர்களே செப்பனிட்டும் தருவார்கள். 2024 நவம்பரில் நூறு பழைய கேம்களை எடுத்துக்கொண்டு, இவற்றை இனி வரும் கம்ப்யூட்டர்களிலும் ஓட வைப்பது எங்கள் பொறுப்பு என்று ஒரு திட்டமும் அறிவித்தார்கள்.

எபிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் திறந்த கடை. வண்டியில் இரண்டு மூன்று பொருளைப் போட்டுச் சேர்த்துப் பணம் கட்டும் வசதியே 2021 டிசம்பரில்தான் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வியாழன்தோறும் இரவு ஒரு கேமாவது இலவசமாக வரும், எடுத்துக்கொண்டால் கணக்கில் நிரந்தரமாக இருக்கும். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐ அப்படிக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் கடை சில மணி நேரம் படுத்தேவிட்டது. கணக்கு ஒன்று தொடங்கி, வாராவாரம் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவது ஆலன் வேக் 2 மாதிரி வேறெங்கும் கிடைக்காததற்கு மட்டும் இருக்கட்டும். இலவசப் பிரதியிலும் ஒரு சிக்கல்: நகரம் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் எபிக்கில் இலவசமாக வந்தது, ஆனால் அந்த கேமின் உயிரே ரசிகர்கள் செய்துபோட்ட ஆயிரக்கணக்கான கட்டடங்களும் சாலைகளும்தான். அவை இருப்பது ஸ்டீமின் வொர்க்ஷாப்பில். இலவசமாக எடுத்துவிட்டு, அதற்காகவே பிறகு ஸ்டீமில் காசு கொடுத்தும் வாங்கியவர்கள் உண்டு.

கேம் பாஸ் அந்தக் காலத்து லெண்டிங் லைப்ரரி மாதிரி. மாதச் சந்தா கட்டினால் அலமாரியில் இருப்பதை எல்லாம் எடுக்கலாம். புத்தகம் எப்போது அலமாரியை விட்டுப் போகும் என்பது நூலகர் கையில். மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கேம்களை வெளியாகும் அன்றே பிசி சந்தாவில் பெரும்பாலும் தருகிறது, வெண்பாவும் முதல் நாளே அதில் வந்தது. எதையும் பத்து மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் அடுத்ததற்குத் தாவுகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. ஒரே கேமை வருடக்கணக்கில் விளையாடுகிறவருக்கு இது வெட்டிச் செலவு. சந்தாவும் நிலையாக இருப்பதில்லை. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அல்டிமேட் சந்தா 19.99 டாலரிலிருந்து ஒரேயடியாக 29.99 டாலர் ஆனது, இந்தியாவிலும் ஏற்றினார்கள். என் யோசனை, மே மாத விடுமுறைக்கு ஒரு மாதம் கட்டுங்கள், கட்டிய உடனேயே தானாகப் புதுப்பிப்பதை ரத்துசெய்துவிடுங்கள். ரத்துசெய்தாலும் அந்த மாதம் முழுக்க விளையாடலாம். தேர்வு நடக்கும் மாதத்தில் சந்தா ஓடிக்கொண்டிருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். இன்னொன்று, சந்தாவில் ஆரம்பித்த கேமைப் பிறகு ஸ்டீமில் வாங்கினால், பல கேம்களில் பழைய சேவ் ஃபைல் அங்கே நகராது. நாற்பது மணி நேரம் போட்டவருக்கு இது கொடுமை.

இவை தவிர, ஸ்டீம் போன்ற கடையில் போட்டுக் கேமைப் பெறுகிற குறியீட்டை, அதாவது கீயை, மட்டும் விற்கிற தளங்கள். ஹம்பிள், ஃபனாட்டிகல் போன்றவை வெளியீட்டாளரிடமிருந்தே கீ பெற்று விற்பவை. நம்பி வாங்கலாம், இந்தியாவில் செல்லுமா என்று மட்டும் பாருங்கள். யார் வேண்டுமானாலும் கீ கொண்டுவந்து விற்கலாம் என்கிற சந்தைகள் வேறு ரகம். ஃபாக்டோரியோவைச் செய்த வூப் நிறுவனத்தின் புகாரையடுத்து ஜி2ஏ சந்தையில் நடந்த தணிக்கையில், திருட்டு வழியில் வந்த 198 கீகள் விற்கப்பட்டது உறுதியானது. 2020-ல் ஜி2ஏ சுமார் 40,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. இப்படிப்பட்ட கீ பிறகு ரத்தானால் பாதிக்கப்படுவது வாங்கியவர்தான். இருநூறு ரூபாய்க்கு வேறொருவர் கணக்கை 'ஆஃப்லைன் அக்கவுண்ட்' என்று டெலிகிராமில் விற்பதும் இந்த ரகம்தான்; அது உங்களுடையதே இல்லை.

எந்தக் கடையானாலும் கணக்குத் தொடங்கும்போது கல்லூரி, அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். படிப்போ வேலையோ முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்படும், பாஸ்வேர்டு மறந்தால் மீட்கிற வழியும் அதோடு போய்விடும். பிள்ளைக்கு என்றால் அப்பா பெயரில் தொடங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்க வேண்டாம். ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தருவதில்லை, உயில் எழுதி வைத்தாலும்கூட. பிள்ளை பெயரிலேயே தொடங்கி, ஃபேமிலிஸில் சேர்த்து, லாகினை உறுதிசெய்கிற ஸ்டீம் கார்டு (Steam Guard) வசதியை மட்டும் உங்கள் போனில் உள்ள ஸ்டீம் செயலியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்ப்யூட்டரில் லாகின் செய்ய ஒவ்வொரு முறையும் உங்களிடம் வந்துதான் கேட்க வேண்டும்.