செத்தல் மிளகாய்க் காலத்தையும் படித்துக்கொண்டு போ

அக்கராயன்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய வேலை விளம்பரத்தைச் சித்தி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஓர் இளைஞர் அபிவிருத்தித் திட்டம், அதற்குப் பணிப்பாளர். "நேற்றுத்தானே இளைஞர் கழகத்தில வலைப்பந்து விளையாடிக்கொண்டு திரிஞ்சவள்" என்று சித்திக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்துவிட்டது. எனக்குப் பயமில்லை. ஆனால் எப்படி ஆயத்தப்படுத்துவது என்று நீ கேட்டதற்கு இரண்டு வரியில் மறுமொழி போட மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், தலைமைத்துவம் என்றால் என்ன என்று சொல்லித்தர உன் அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைப்பில் வடக்கின் இளைஞர் திட்டங்கள் எல்லாம் 2009க்குப் பிறகு தொடங்கியவை. உனக்கு அந்த நினைப்பு இருக்கக்கூடாது. விவசாயப் போதனாசிரியராக இந்தப் பக்கமெல்லாம் திரிந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது அதற்கு முந்திய கதை.

வன்னியில் இளைஞருக்கென்று நடந்த பெரிய திட்டங்களில் ஒன்று, அறுபதுகளின் பிற்பகுதியில் டட்லி சேனநாயக்க அரசின் காலத்தில் வந்த படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம். விசுவமடு, முத்தையன்கட்டு என்று பெயர்கள் உனக்குத் தெரியும், ஆனால் அந்த ஊர்களின் தோட்டக் காணிகளுக்குப் பின்னால் இப்படியொரு திட்டம் இருந்தது உன் வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் முடித்து உத்தியோகம் கிடைக்காமல் நின்ற பெடியளைத் தெரிவுசெய்து காணியும் தண்ணீரும் கொடுத்தார்கள். 1970இல் வந்த சிறிமாவோ அரசு வெளிநாட்டிலிருந்து மிளகாய், வெங்காயம் வருவதை இறுக்கிப் பிடித்தது. செத்தலுக்கு விலை ஏறியது. பேனை பிடித்த கையால் மண்வெட்டி பிடிக்க வெட்கப்பட்டவர்கள் உழவு மெஷின் வாங்கினார்கள். 'வன்னியில் தோட்டம் செய்கிற மாப்பிள்ளை' என்று யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசினார்கள். அந்தப் பெடியளுக்கு ஒருவரும் தன்னம்பிக்கைப் பயிலரங்கு வைக்கவில்லை என்பதைக் கவனி. காணி, தண்ணீர், விலை மூன்றும் கிடைத்தபோது தன்னம்பிக்கை தானாக வந்தது.

பிறகு 1977. ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு சந்தையைத் திறந்துவிட்டது. இறக்குமதிச் செத்தல் கொழும்புக் கடைகளுக்கு வந்து குவிந்தது. விசுவமடுப் பெடியன் முந்திய போகத்தைப் போலவேதான் விடியப்புறம் எழும்பித் தண்ணீர் இறைத்தான், மருந்தடித்தான், பழம் பிடுங்கிப் பாயில் காயவைத்தான். அவனில் ஒரு குறையும் இல்லை. இருநூறு மைலுக்கு அங்கால் எடுத்த முடிவு அவன் சாக்கில் இருந்த சரக்கின் விலையை விழுத்திவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ இப்போது வெளிக்கள உத்தியோகத்தர். உன் கண்ணில் படுவது பிள்ளை. பிள்ளை வருகிறதா, படிக்கிறதா, வீட்டில் என்ன பிரச்சினை என்று பார்த்தாய், நன்றாகவே பார்த்தாய். பணிப்பாளர் கதிரையில் இருக்கப்போகிறவளுக்கு அது போதாது. பிள்ளை முழு முயற்சி எடுத்தும் விழக்கூடிய இடம் எது, அந்த இடத்தை ஆர் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தம்புள்ளைச் சந்தையில் விலை எப்படிப் போகிறது, கோழித்தீன் விலை ஏறினால் நூறு குஞ்சு வைத்திருக்கிற பெட்டைக்கு என்ன மிஞ்சும், அடுத்த வருடம் எந்தத் தொழிலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் உன் வேலை. அதைக் கண்டுபிடித்து மேலிடத்துக்குச் சொல்வது அதைவிடப் பெரிய வேலை, அதற்குத்தான் இந்தப் பதவிக்குக் கூடின சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2010இலிருந்து, எங்கள் பகுதிக்கு எத்தனை தையல் மெஷின் வந்தது என்று நீயே கண்டாய். எங்கள் ஒழுங்கையிலேயே பார். ஒரு வீட்டில் மெஷினுக்கு மேலே பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு, அதற்கு மேலே ரீவி. காலடியில் நிறுவனத்தின் ஸ்ரிக்கர் மட்டும் புதுக்கருக்குக் குலையாமல் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தைக்கத் தெரியும், வடிவாகத் தைப்பாள். ஒரு ஊரில் இருபது பேருக்கு மெஷின் கொடுத்தால் ஆருடைய சட்டையை ஆர் தைப்பது? உடுப்பு வாங்கப் போகிறவர்கள் கிளிநொச்சிக் கடையில் றெடிமேட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அறிக்கையில் அவள் 'வாழ்வாதாரம் பெற்ற பயனாளி'. இந்த வரியில் இனி உன் கையொப்பம் இருக்கும்.

ஆகவே நேர்முகத்துக்கு முதல் ஒரு வேலை செய். அந்தத் திட்டம் கற்றுக்கொடுக்கப்போகிற தொழில்களில் மூன்றை எடு. ஒவ்வொன்றுக்கும் கிளிநொச்சி டவுணில், வவுனியாவில், மாங்குளத்தில் ஆர் காசு கொடுத்து ஆள் எடுப்பார்கள் என்று நேரே போய் விசாரி. கராஜ்காரரிடம் கேள், பேக்கரிக்காரரிடம் கேள். அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்துக்குப் போய், எந்தப் பாடநெறிக்கு ஆள் போதாமல் இருக்கிறது என்று கேள். மூன்று நாள் பயிலரங்கின் சான்றிதழை லமினேற் பண்ணிச் சுவரில் தொங்கவிடலாம். தேசிய தொழில் தகைமை நாலாம் மட்டம் இருந்தால் வேலை கேட்கலாம், வெளிநாடு போகிறவனுக்கும் அது உதவும். அக்கராயனிலிருந்து ஒரு பெட்டை தினமும் அறிவியல் நகருக்குப் போய்வர முடியாமல் நின்றுவிடுகிறாள் என்றால், அவளுக்குத் தேவை பஸ் காசும் தங்க ஒரு கட்டிலும். விடுதி மண்டபத்தில் ஏசி போட்டு நடத்துகிற இன்னொரு ஆளுமைப் பயிற்சியை வெட்டினால் எத்தனை கட்டில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார். பாதீடு வாசிக்கத் தெரியாமல் அந்தக் கதிரையில் இருந்தால் கணக்காளர்தான் பணிப்பாளர்.

காந்தீயம் என்ற அமைப்பைப் பற்றியும் தெரிந்துகொள். எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாக வைத்துக் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் இருவரும் நடத்தியது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்களை வன்னியில் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்புகளில் பாலர் பள்ளிகள் நடத்த, சுகாதாரம் சொல்லிக்கொடுக்க, கிராமத்து இளம் பெண்களையே பயிற்றி அனுப்பினார்கள். 1983இல் அரசு இருவரையும் கைதுசெய்தது. அந்த ஆடியில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி இந்தியா போய், முதுமையில் திரும்பி வந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்களைப் பற்றிப் புகழாரம் பாட இதை எழுதவில்லை. ஒரு திட்டத்தின் தலைமைக்கு அரசியல் இல்லை என்று உனக்கு ஆரும் சொன்னால் நம்பாதே என்பதற்காக எழுதுகிறேன். ஆரைக் குடியமர்த்துவது, ஆருக்குக் காணி, எந்தக் கிராமம் பட்டியலில் முதலாவது என்பதெல்லாம் அரசியல்தான். கட்சிக்காரர் வருவார்கள், திறப்பு விழாவுக்குப் பொன்னாடை கேட்பார்கள். மங்கள விளக்கில் திரி ஐந்து, ஏற்ற வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். சிரித்துக்கொண்டு சமாளி, பயனாளி தெரிவில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பட்டியல் என்றதும் இன்னொன்று. நீ பிறந்து வளர்ந்த ஊர் என்றபடியால் உனக்கு இது விளங்கும், மேலிடத்துக்கு விளங்காது. வீட்டுக்கு வந்து "உங்கட பிள்ளையின்ர பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் தாங்கோ" என்று கேட்டால் எங்கள் தாய்மாருக்கு இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. யுத்த காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்தவர்களும் பெயர்தான் எழுதினார்கள். முகாமில் பதிந்தவர்களும் பெயர்தான் எழுதினார்கள். கொழும்பிலிருந்து வருகிற படிவத்தில் முப்பது கேள்வி இருக்கும். எதற்கு இந்த விவரம், ஆர் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று ஒரு தாய் கேட்டால் மறுமொழி சொல்ல முடியாத கேள்வியை அந்தப் படிவத்திலிருந்து எடுத்துவிடு. எடுக்க அதிகாரம் இல்லையென்றால் கேட்டு வாங்கு.

வயதெல்லை சம்பந்தமாக ஒரு சின்னக் கணக்கு. இளைஞர் கழகங்களில் 29 வயதோடு எல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலுக்குள் நின்ற 15 வயதுப் பிள்ளைக்கு 2024இல் 30 வயது. படிப்புக் குழம்பி, காயப்பட்டு, முகாமில் இருந்து, புனர்வாழ்வு என்று போய்வந்த அந்த வயதுக்காரர் இப்போது உங்கள் படிவத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் இல்லாமல் வன்னியில் இளைஞர் திட்டமா? இதற்கு வழி இல்லாமலில்லை. அவர்களையே பயிற்றுநராக, வழிகாட்டியாக, சிறு தொழில் முதலாளியாக உள்ளே கொண்டுவரலாம். அதேபோல, கூட்டத்துக்கு முதலில் வந்து கதிரையில் இருக்கிறவர்கள் ஆர் என்று பார். எப்போதும் அதே பத்துப் பிள்ளைகள்தான், நன்றாகக் கதைக்கத் தெரிந்தவர்கள். பாரதிபுரம், மலையாளபுரம் பக்கத்திலிருந்து எத்தனை பேர்? சொந்தக் காணி இல்லாத வீட்டுப் பிள்ளை எத்தனை? இரவில் ரிப்பரில் மணல் ஏற்றப் போகிற பெடியன் காலை ஒன்பது மணிக்கு உன் கூட்டத்துக்கு வரமாட்டான். அவனுக்கு ஏற்ற நேரத்தை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அவனைப் பொலிஸ் பிடித்த பிறகு 'வழிதவறிய இளைஞர்' என்று கருத்தரங்கு வைப்பதில் பிரயோசனம் இல்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லப்போனால், திட்டக்காரரின் நாட்காட்டி எனக்கு எப்போதும் எரிச்சல். டிசெம்பருக்குள் காசை முடிக்க வேண்டுமென்று கார்த்திகை மாதம் அடுக்கடுக்காகப் பயிலரங்கு வைப்பார்கள். இங்கே அப்போது மாரி மழை, வயலில் காலபோகப் பயிருக்குக் களையும் பசளையும். தையும் மாசியும் அறுவடை. அக்கராயன் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்துச் சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர் பிரிப்பார்கள். எங்கள் பெடியளுக்கு அந்த வருடம் வேலையா ஓய்வா என்பது அதில்தான் இருக்கிறது. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் போய்ப் பின் வாங்கில் இரு. அங்கே ஒரு மணித்தியாலம் கேட்டால் உன் வருடத்திட்டத்தில் பாதி எழுதலாம். மழைக்குள் நடத்துகிற பயிலரங்குக்கு வருகிறவர்கள் சோற்றுப் பார்சலுக்கு வந்தவர்கள்தான், அவர்களையும் நான் பிழை சொல்லமாட்டேன்.

உனக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்களில் சிலர் இன்றைக்கு உன்னோடு ஒன்றாக ரீ குடிக்கிறவர்கள். அவர்களோடு பழையபடி இருக்கப் பார்ப்பாய், முடியாது. நட்பை விட வேண்டாம், ஆனால் லீவும் பயணப்படியும் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று முதல் மாதத்திலேயே எழுத்தில் போடு. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, தொடருமா இல்லையா என்று அவர்களுக்குச் சொல். வெளிக்களப் பிள்ளைகளும் இளைஞர்தான், அவர்களுடைய வீட்டிலும் லீசிங் கட்டுகிற மோட்டச்சைக்கிள் நிற்கிறது. பெண் பிள்ளைகள் தனியாகக் கிராமத்துக்குள் போய்வருகிற வேலை இது. தொந்தரவு என்று ஒருத்தி வந்து சொன்னால், குற்றம் சொல்லப்பட்டவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அன்றைக்கே எழுத்தில் எடு. விசாரிக்கிற ஆள் அவருக்கு நண்பராக இருக்கக்கூடாது.

சிங்களத்தை இன்னும் கொஞ்சம் திருத்து. கொழும்பில் ஆங்கிலம் போதும் என்பார்கள். கூட்டத்துக்கு அது போதும். கூட்டம் முடிந்து ரீ குடிக்கும் நேரத்தில்தான் காசு எங்கே போகும் என்று பேசுவார்கள், அது சிங்களத்தில் நடக்கும்.

கடைசியாக நேர்முகத்தில் நீ கேட்க வேண்டியது. "உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கிறதா" என்று அவர்கள் கேட்பார்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம். முதலில் இரண்டு விஷயம் கேள். திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தொழிலுக்குச் சந்தை இல்லையென்று தெரிந்தால், அந்தத் தலைப்பின் காசை வேறு தலைப்புக்கு மாற்ற எனக்கு அதிகாரம் உண்டா, எத்தனை வீதம் வரை? பயிற்சி முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்க பாதீட்டில் காசு இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று சொன்னால் அந்த வேலையை எடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன், குடும்ப நிலைமை எனக்கும் தெரியும். எடு, ஆனால் அந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு முதல் கடிதத்தை முதல் மாதமே அனுப்பு.

திட்ட ஆவணம் கைக்கு வந்ததும் அதன் பாதீட்டுப் பக்கத்தை மட்டும் பிரின்ற் எடுத்துக்கொண்டு வா. போனில் அந்தச் சின்ன எழுத்து எனக்குத் தெரியாது. விசுவமடுவில் அந்தக் காலத்தில் காணி எடுத்த ஐயா ஒருவர் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறார், அவரிடமும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விலை விழுந்த வருடம் என்ன செய்தார் என்று நீயே கேள்.

இப்படிக்கு,
சித்தப்பா