எவன் வேண்டுமானாலும் கை வைக்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் முதல் திருவள்ளூர் காக்களூர் சிட்கோ வரை, கம்ப்யூட்டரும் இயந்திரமும் சந்திக்கிற இடங்களில் ஒரு வதந்தி சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. “ஓப்பன் சோர்ஸா? வேண்டாம் சார். அதை எவன் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். எங்கேயோ உட்கார்ந்திருப்பவன் ஒரு வரியை மாற்றினால் நாளைக்கு நம்ம லைன் நின்றுவிடும்.” பர்ச்சேஸ் மேனேஜர் சொல்கிறார், மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் சொல்கிறார், மூடிய மென்பொருளை விற்க வருகிற பிரதிநிதி இன்னும் அழுத்திச் சொல்கிறார். கடைசி ஆளுக்காவது அதில் ஆதாயம் உண்டு. மற்ற இருவரும் ஏன் இதை விசாரிக்காமல் நம்புகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. திறந்த மூல நிரலை யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், தன் நகலில் என்ன கூத்து வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அந்தக் கூத்து மூலத் திட்டத்துக்குள் நுழைவது முற்றிலும் வேறு காரியம்.

நடைமுறை இதுதான். புதிதாக ஒரு வசதி எழுதுகிறவர் அதை மூலத் திட்டத்தின் மெயின் கிளையில் எழுதுவதில்லை. தனியாக ஒரு பிராஞ்ச் போட்டு அதில் எழுதுகிறார். முடித்ததும் ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பம் வைக்கிறார். தானியங்கிச் சோதனைகள் முதலில் ஓடுகின்றன. பிறகு, அந்தப் பகுதியை வருடக்கணக்கில் பராமரித்து வரும் மெயின்டெய்னர் வரிவரியாகப் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்பி, மறுபடி படிக்கிறார். மெயினில் சேர்க்கும், அதாவது மெர்ஜ் செய்யும், உரிமை அவரைப் போன்ற சிலரிடம் மட்டுமே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இன்னும் கெடுபிடி. ஒவ்வொரு சுற்றிலும் புதிய வசதிகளைச் சேர்க்க இரண்டே வாரம் கதவு திறக்கும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் பிழை திருத்தத்துக்கு மட்டும். ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவர், கைமாற்றிய மெயின்டெய்னர்கள் ஆகியோரின் பெயர்கள் நிரந்தரமாகப் பதிவாகின்றன. நம் ஆலைகளில் ஓடும் பி.எல்.சி. புரோகிராமைக் கடைசியாக மாற்றியது யார், எப்போது, எதற்காக என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? பெரும்பாலும் அது சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப்பில் ‘ஃபைனல்-2’ என்ற பெயரில் இருக்கும்.

நுழைவு எவ்வளவு கடினம் என்பதற்கு ஆலைக்காரர்களுக்கு நெருக்கமான சான்றே இருக்கிறது. சி.என்.சி. இயந்திரத்தின் சர்வோ மோட்டாருக்கு, உதாரணமாக, 1 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கட்டளை போக வேண்டும் என்றால், போயே ஆக வேண்டும். சராசரியாக வேகமாக இருந்தால் போதாது. ஒருமுறைகூடத் தாமதிக்கக் கூடாது. சாதாரண லினக்ஸ் அந்த உத்தரவாதத்தைத் தந்ததில்லை. அதைத் தரவைப்பதற்காக 2004 வாக்கில் இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் தொடங்கிய வேலைதான் பிரீஎம்ப்ட்-ஆர்டி. உலகெங்கும் தொழிற்சாலைகளில் அதைத் தனி ஒட்டாகச் சேர்த்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியிருந்தும் மெயினுக்குள் அது துண்டுதுண்டாகத்தான் போனது. துல்லியமான டைமர்கள் 2006-இல், குறுக்கீடுகளைத் தனித் திரியாக ஓட்டும் முறை 2009-இல், பூட்டுகளின் மையப்பகுதி 2021-இல். கடைசியாக முட்டுக்கட்டை போட்டது என்ன தெரியுமா? கெர்னல் தன் செய்திகளைத் திரையில் எழுதும் பிரின்ட்கே என்ற சாதாரணச் செயல்பாடு. ஒரு செய்தியை எழுதி முடிக்கும்வரை மற்றதெல்லாம் காத்திருக்க நேர்ந்தால் மில்லி செகண்ட் உத்தரவாதம் என்னாவது? அதைத் திருத்தி எழுதவே வருடங்கள் பிடித்தன. 2024 செப்டம்பரில் வியன்னாவில், மெர்ஜ் விண்ணப்பத்தை அச்சடித்துத் தங்கநிறத் தாளில் சுற்றி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கிளைக்ஸ்னர் கொடுத்தார். அந்த நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் அது சேர்ந்தது. கெர்னலின் மிக மூத்த மெயின்டெய்னர்களில் ஒருவர், பெரிய நிறுவனங்களின் பணம், நல்ல நோக்கம் எல்லாம் இருந்தும் 20 ஆண்டு. இதைத்தான் ‘எவன் வேண்டுமானாலும்’ என்கிறார்கள்!

திருட்டு வழியில் நுழைய முயன்றவர்களும் உண்டு. 2003 நவம்பரில் கெர்னலின் ஒரு நகல் சர்வருக்குள் யாரோ புகுந்து இரண்டே இரண்டு வரி சேர்த்தார்கள். ‘பயனர் எண் பூஜ்யமா?’ என்று சோதிப்பதுபோல் தோன்றும் வரி அது. சோதனைக்கு இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. அதனால் அது சோதனையாக இல்லாமல் ‘பயனர் எண்ணைப் பூஜ்யமாக்கு’ என்ற கட்டளையாகிவிட்டது. அதாவது, வந்தவனுக்கு முழு அதிகாரம். மூலக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்கு உரிய பதிவு இல்லாததால் ஒப்பீட்டிலேயே குட்டு வெளிப்பட்டது. மெயினை அது எட்டவே இல்லை. இன்று நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் பழைய வரலாற்றின் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் மாறிவிடும் என்பதால் ஓசைப்படாமல் ஒட்டவைப்பது அதைவிடக் கடினம்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தை எடுப்பார்கள். எடுக்கட்டும், நியாயமான ஆட்சேபம்தான். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் (அல்லது ஒரு கூட்டம்) இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உருப்படியான வேலை செய்து, தனியாளாகக் களைத்துப்போயிருந்த மெயின்டெய்னரின் நம்பிக்கையைப் பெற்று, தானும் மெயின்டெய்னராகி, 2024 தொடக்கத்தில் பின்வாசல் வைத்தார். மெர்ஜ் முறை அங்கே தோற்றது, மறுக்கவில்லை. ஆனால் தோற்ற விதத்தைப் பாருங்கள். பின்வாசலை இயக்கிவிடும் ஸ்கிரிப்டைப் பலர் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க அவருக்கே துணிவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் செருகினார். அதைக் கண்டுபிடித்தவர் அந்தத் திட்டத்தின் ஆளே அல்ல. லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், நிரலைத் திறந்து பார்க்க முடிந்ததால்தான் மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். மூடிய மென்பொருளில் அந்த அரை செகண்டுக்குப் பதில், ‘கஸ்டமர் கேருக்கு டிக்கெட் போடுங்கள்’ என்பதாகத்தான் இருந்திருக்கும். எக்ஸ்இசட் தரும் பாடம், பலரும் நம்பியிருக்கும் திட்டத்தை ஒற்றை ஆளின் தலையில் கட்டிவிட்டுத் தூங்காதீர்கள் என்பது. மூடிவைத்தால் பத்திரம் என்று அதிலிருந்து எப்படி முடிவுகட்டுகிறார்களோ! 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் குறிவைத்தது மூடிய சீமென்ஸ் கட்டுப்பாட்டு மென்பொருளைத்தான். அதன் தரவுத்தளக் கடவுச்சொல் மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதும் வாடிக்கையாளர் யாரும் படித்துப் பார்க்க முடியாத ஒரு நிறுவன அப்டேட்தான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ‘மெர்ஜ் கான்ஃபிளிக்ட் வந்தால் மென்பொருள் கெட்டுவிட்டது’ என்பது தவறு. ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றியிருந்தால், தானாக முடிவெடுக்காமல் கிட் நின்று மனிதரைக் கேட்கிறது, அவ்வளவே. ‘ஜி.பி.எல். உரிமத்தில் வரும் மென்பொருளை மாற்றினால் நம் ரகசியத்தை ஊருக்குக் கொடுக்க வேண்டும்’ என்பதும் தவறு. ஆலைக்குள் நீங்களே பயன்படுத்தும்வரை யாருக்கும் எதையும் கொடுக்கத் தேவையில்லை. பிறருக்கு வழங்கும்போதுதான் அந்தக் கடமை வருகிறது. ‘நம் ஊர்க்காரர்களுக்கு லினக்ஸ் பழக்கமில்லை’ என்பது சுத்த மறதி. இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது இதே காக்களூரில்தான். முதலில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது.

உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மெர்ஜ் ஆவதால் அல்ல, ஆகாததால்தான் சிறு ஆலைகள் கெடுகின்றன. மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருளை நிறுவித் தருகிற சில வெண்டர்கள், நீங்கள் கேட்கும் மாற்றத்தைத் தனி ஆப்பாக எழுதாமல் மூல நிரலிலேயே கை வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த நகல் அன்றோடு அனாதை. ஜி.எஸ்.டி.யின் இ-இன்வாய்ஸ் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலில் தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு வந்துவிட்டது. சின்ன ஃபவுண்டரியும் ரோலிங் மில்லும்கூட உள்ளே வந்தாயிற்று. மெயினோடு ஒட்டி நின்றவர்களுக்கு இ-இன்வாய்ஸ் வசதி அப்டேட்டிலேயே கிடைக்கும். தன் நகலைத் திருகி வைத்துக்கொண்டவர், அப்டேட் போட்டால் பழைய மாற்றம் போய்விடும், போடாவிட்டால் பில் போட முடியாது என்று தவிக்க வேண்டும். மறுபடி அதே வெண்டருக்குப் பணம். ஒரு நல்ல மாற்றத்தை ஒழுங்காக எழுதி மூலத் திட்டத்துக்கு அனுப்பி மெர்ஜ் ஆக்கிவிட்டால், அதைச் சோதித்துப் பராமரிக்கும் பாரத்தை உலகமே பங்கு போட்டுக்கொள்கிறது. தர்மத்துக்குச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் வழி இது.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டை பக்கம் போகிறவர்கள் கல்லூரிப் பேருந்துகளை எண்ணிப் பார்க்கலாம். அந்த மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் என்று யாரும் ஓட்டாத ஒன்றை எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அலமாரியில் வைப்பதற்குப் பதில், ஓடுகிற திறந்த மூலத் திட்டம் ஒன்றில் ஒரே ஒரு பிழையைத் திருத்தி, மெயின்டெய்னரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மெர்ஜ் வாங்கினால், அதற்கே முழு மதிப்பெண் தரலாம். பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பி.எல்.சி. சொல்லிக்கொடுக்கும் அதே வாரத்தில் கிட்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்க 2012 முதல் ‘கணியம்’ இருக்கிறது. மொழியைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

ஆலை முதலாளிகளுக்கு ஒன்று. அடுத்தமுறை மென்பொருள் வெண்டரின் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “எனக்காகச் செய்த மாற்றம் மெயினில் சேர்ந்திருக்கிறதா, தனி ஆப்பாக இருக்கிறதா, இல்லை உன் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறதா?” மூன்றாவதுதான் பதில் என்றால் பணத்தை நிறுத்திவையுங்கள்.